காய்ச்சல் இல்லை, ஆனால் ஆள் சரியில்லை: முதியோர் இல்லத்தில் வைரஸ் தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கோவைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முதியோர் இல்லத்தில் வார்டனாக வேலை பார்க்கிறேன். தங்கியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் எண்பதைத் தாண்டியவர்கள், நாலைந்து பேருக்கு மறதி நோய் உண்டு. பகலில் ஒரு நர்ஸ் இருப்பார், ராத்திரியில் ஆயாக்கள் மட்டும்தான். டாக்டர் வாரம் ஒரு தடவை வந்து பார்ப்பார், நடுவில் ஏதாவது என்றால் போனில் கேட்டுக்கொள்வோம்.

மழை பிடித்ததிலிருந்து சமையல்கட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளி, தொண்டை வலி. அவர்கள் தேறிவிட்டார்கள். இப்போது பெரியவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. ஒரு பாட்டி, விடிவதற்கு முன்பே எழுந்து திருநீறு பூசிக்கொண்டு "காபி ஆச்சா" என்று கேட்பவர், நேற்றிலிருந்து எழுப்பி உட்கார வைத்தாலும் டம்ளரைக் கையில் பிடித்தபடியே கண் செருகிவிடுகிறார். தடி ஊன்றித் தானாக நடக்கும் தாத்தா ஒருவர் பாத்ரூம் வாசலில் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார், நல்லவேளையாக அடி இல்லை. மறதி நோய் உள்ள இன்னோர் அம்மா, சாயங்காலம் ஆனால் சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்கிறார், படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது, அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மூன்று பேருக்கும் தெர்மாமீட்டர் வைத்தால் 98, 99 என்றுதான் காட்டுகிறது. இருமல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

நிர்வாகத்தில் சொன்னால் "வயசானால் அப்படித்தான், ரெண்டு நாள் பாருங்க" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வயதில் வைரஸ் காய்ச்சல் வந்தால் எப்படித்தான் தெரியும்? எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குமரிக்கடல்:

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் காபி பாட்டிக்கு இப்போதே விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள், ஆக்சிமீட்டர் வையுங்கள், டாக்டருக்குப் போன் போடுங்கள். எழுப்பினாலும் விழித்திருக்க முடியாத ஆளை ரெண்டு நாள் பார்க்கக் கூடாது. டாக்டர் போனை எடுக்கவில்லை என்றால் 108.

நான் நாகர்கோவில்காரி, இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, அந்த மூன்று பேரையும் மூன்று தனித்தனிக் கேஸாகப் பார்க்காதீர்கள் என்பதுதான். ஒரே சாப்பாட்டு ஹால், ஒரே ஆயாக்கள், அதற்கு முன்னால் சமையல்கட்டில் சளி, அப்புறம் ஒரே சமயத்தில் மூன்று பேர் சுருண்டு படுக்கிறார்கள். ஒருவருக்குத் தூக்கம், ஒருவருக்கு விழுவது, ஒருவருக்குப் பிதற்றல். மூன்றுக்கும் பின்னால் ஒரே கிருமி இருக்கலாம். இளம் வயதில் ஃப்ளூ வந்தால் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். எண்பது வயதில் அது அந்தந்த உடம்பில் எந்த இடம் பலவீனமோ அங்கே போய் அடிக்கிறது. ஞாபகம் ஏற்கெனவே தடுமாறுகிறவருக்குப் புத்தி கலங்கும், கால் பலம் குறைந்தவர் விழுவார், இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும்.

இங்கே எங்களுக்கு ஒரு மதிப்பெண் அட்டை உண்டு, நியூஸ்2 என்பார்கள். மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, உஷ்ணம், நினைவு இத்தனைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். 2017இல் அதைத் திருத்தியபோது புதிதாக வந்த குழப்பத்தையும் சேர்த்தார்கள். ஒரு பெரியவர் இன்று புதிதாகக் குழம்பிப் பேசினால் 3, ஒரு விஷயத்துக்குப் போடக்கூடிய அதிகபட்ச மதிப்பெண்ணே அதுதான். ஆக்சிஜன் 91 அல்லது அதற்குக் கீழே போனாலும் அதே 3. அவ்வளவு பெரிய விஷயமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் "ஏதோ உளறுகிறார்" என்பதைப் பதிவேட்டில் பிரஷர் எழுதுகிற மாதிரியே நேரத்தோடு எழுதி வையுங்கள்.

இன்னொன்று. சத்தம் போடுகிறவர், கையில் ஏறும் டிரிப்ஸைப் பிடுங்குகிறவர் எப்படியும் கண்ணில் பட்டுவிடுவார். சத்தமே இல்லாமல் ஒடுங்கிப் போகிறவரைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். "இன்னிக்குப் பாட்டி தொந்தரவே பண்ணலை, சமர்த்தா படுத்திருக்காங்க" என்று ஆயா சொன்னால் எனக்கு அடி வயிறு கலங்கும். அதுவும் புத்திக் கலக்கத்தில் ஒரு வகைதான், அதிகம் பார்க்கிற வகை, ஆபத்தான வகை.

முதியோர்நலம்_டாக்டர்:

குமரிக்கடல் சொன்னதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கிறேன். முதியோர் மருத்துவத்தில்தான் இருக்கிறேன், ஆனால் இங்கே எழுதுவதை உங்கள் டாக்டர் சொல்வதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் தெர்மாமீட்டர். வயதானவர்களுக்குச் சாதாரண உடல் வெப்பமே கொஞ்சம் கீழேதான் இருக்கும். 97 சொச்சத்திலேயே இருப்பவர் 99.5க்கு வந்தால் அது அவருக்குக் காய்ச்சல். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் முதியோர் இல்லங்களுக்கென்றே வகுத்த கணக்கு இது: வாயில் வைத்து ஒரே தடவை 100 டிகிரியைத் தாண்டினாலும், திரும்பத் திரும்ப 99ஐத் தாண்டினாலும், அல்லது அவருடைய வழக்கமான அளவிலிருந்து 2 டிகிரிக்கு மேல் ஏறினாலும் காய்ச்சல்தான். நீங்கள் எழுதிய 99 யாருடையது, அவருடைய வழக்கமான அளவு என்ன என்று தெரியாமல் அதை நார்மல் என்று சொல்ல முடியாது. அதோடு, அக்குளில் வைத்தால் குறைவாகக் காட்டும், வாயைத் திறந்து மூச்சு விடுகிறவருக்கு வாயில் வைத்தால் அதுவும் குறையும், காபி குடித்த கையோடு வைத்தால் கூடும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் அந்தத் துப்பாக்கி மாதிரியான கருவியை நம்பி முடிவெடுக்காதீர்கள். மூட்டு வலிக்காகத் தினமும் பாரசிட்டமால் சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று பாருங்கள், அவர்களுக்குக் காய்ச்சல் ஏறவே விடாது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித் துடிப்பும் ஏறாது. ஆக உடம்பு அடிக்க வேண்டிய ரெண்டு எச்சரிக்கை மணியும் அடிக்காது.

பிறகு எதை நம்புவது? மூச்சை. செலவில்லாதது, மாத்திரையால் அவ்வளவாக மறையாதது, எல்லோரும் எண்ணாமல் விட்டுவிட்டு ஏட்டில் 18, 20 என்று எழுதிவிடுவது. எண்ணப் போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 20க்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள், 25ஐத் தொட்டால் ஆஸ்பத்திரி. ஆக்சிமீட்டர் வைக்கும்போது விரல் ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வையுங்கள், நகப்பூச்சு இருந்தால் துடையுங்கள், எண் நிலைக்கும் வரை பொறுங்கள். வழக்கமாக 97 இருப்பவர் 93 ஆகிவிட்டால், அவர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் விடாதீர்கள். கோவிட் சமயத்தில் மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் இறங்கியதைப் பார்த்தோமே, அது மறந்துவிடக் கூடாது.

கோவிட் என்றதும் ஒரு ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் கிங் கவுண்டியில் ஒரு நர்சிங் ஹோமில் அறிகுறி உண்டு இல்லை என்று பார்க்காமல் இருந்தவர்களையெல்லாம் பரிசோதித்தார்கள். தொற்று இருந்த 48 பேரில் 27 பேருக்குப் பரிசோதனை அன்று ஒரு அறிகுறியும் இல்லை. அவர்களில் 24 பேருக்கு அடுத்த சில நாட்களில் வந்தது. இருமுகிறவரை மட்டும் தனியாக வைத்தால் போதும் என்ற எண்ணம் அங்கேயே உடைந்தது.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகக் கவனியுங்கள். தொற்று வந்தால் சர்க்கரை ஏறும். ஆனால் சாப்பிடாமல் படுத்திருப்பவருக்குக் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போலக் கொடுத்துவிட்டால் சர்க்கரை தரைக்கு இறங்கி, அதனாலேயே மயக்கமும் பிதற்றலும் வரும். அதனால்தான் முதலில் விரலைக் குத்திப் பார்க்கச் சொன்னார் அந்த நர்ஸ் அம்மா. சரியாகச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. பெரியவர் குழம்பினால் உடனே "யூரின் இன்ஃபெக்ஷன்" என்று ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்துவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. இல்லங்களில் இருக்கும் வயதானவர்களில், பெண்களில் குறிப்பாக, நிறையப் பேருக்குத் தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். சாம்பிள் எடுத்தால் கிருமி தெரியத்தான் செய்யும், குழப்பத்துக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அங்கே நின்றுவிட்டால் ஃப்ளூவைத் தவறவிடுவீர்கள். ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு வரை ஏறுகிறது என்று 2018இல் கனடாவில் வந்த ஆய்வு காட்டியது. வெறும் சளிதானே என்று இருந்துவிட முடியாது.

மடிப்பாக்கம்_மகள்:

என் அம்மா சென்னையில் ஒரு இல்லத்தில் இருக்கிறார், மறதி நோய். குடும்பத்தார் பக்கமிருந்து ஒரு வேண்டுகோள், வார்டன் அம்மா. எங்களுக்குப் போன் செய்யும்போது "கொஞ்சம் டல்லா இருக்காங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "நேற்று வரை ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க, இன்னிக்கு ஒரு விள்ளலை வாயில் வைத்தபடியே இருக்காங்க, முழுங்கலை, காலையிலிருந்து ஒரு தடவைதான் ஒண்ணுக்குப் போனாங்க, அதுவும் மஞ்சளா" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் நான் அதை அப்படியே டாக்டரிடம் ஒப்பிப்பேன், அவரும் கேட்டதும் முடிவெடுப்பார்.

இன்னொரு பக்கம், ஆளைச் சேர்க்கும்போதே அவருடைய வழக்கம் என்ன என்று எங்களிடம் எழுதி வாங்குங்கள். எங்கள் அம்மாவுக்குச் சாதாரண நாளிலேயே மத்தியானம் ஒரு மணி நேரம் தூக்கம் உண்டு, பக்கத்துப் படுக்கைக்காரர் பேரைத் தப்பாகத்தான் சொல்வார். இது தெரியாத புது ஆயா வந்தால் ஒன்று தேவையில்லாமல் பயப்படுவார், இல்லை எல்லாவற்றையும் மறதி நோய் மேல் போட்டுவிடுவார். ஆனால் அம்மா எந்த நிலையிலும் தட்டில் கடைசி வாய்ச் சோற்றை விட மாட்டார், விட்டால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே. மறதி நோய் உள்ளவர் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், குளிப்பாட்டத் தொட்டால் கையைத் தட்டிவிடுவார், முகத்தைச் சுளிப்பார், புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே இருப்பார். அதைக் கோபம் என்று எழுதிவிடுகிறார்கள்.

வைகை_அட்டெண்டர்:

நான் நர்ஸ் இல்லை, மதுரைப் பக்கம் ஒரு இல்லத்தில் அட்டெண்டராக ரொம்ப வருஷம் இருந்தேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சமையல்கட்டில் சளி வந்தவர்கள் வேலைக்கு வந்தார்களா இல்லையா? வந்திருப்பார்கள். ஏன் வந்தார்கள்? லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். பெரியவர்கள் வெளியே போவதில்லை, கிருமி எங்களோடுதான் உள்ளே போகிறது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புகிற இல்லத்தில்தான் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள். மற்ற இடத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து சோறு ஊட்டுவார்கள். நிர்வாகத்திடம் இதை நீங்கள்தான் பேச வேண்டும், எங்களால் பேச முடியாது.

அப்புறம் வாந்தி பேதி. ஒருவர் வாந்தி எடுத்தால் அஜீரணம், அடுத்த நாள் நாலு பேர் எடுத்தால் அது நோரோ வைரஸ் மாதிரி ஏதோ ஒன்று. அதற்குக் கையில் தடவும் சானிடைசர் சரிப்படாது, சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவித்தான் ஆக வேண்டும். வாந்தி விழுந்த இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்க வேண்டும், வெறும் துடைப்பத்தால் தள்ளினால் பரப்பிவிடுவோம். வாந்தி பேதி வந்த ஆள், அது நின்று ரெண்டு நாள் ஆகாமல் சமையல்கட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பெரியவர்களுக்கு ரெண்டு தடவை பேதி போனாலே நாக்கு வறண்டுவிடும். தோலைக் கிள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அவர்கள் தோல் எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும். நாக்கையும் சிறுநீரையும்தான் பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை அன்று கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அக்கியையும் மறந்துவிடாதீர்கள், அதுவும் வைரஸ்தான். இடுப்பிலோ விலாவிலோ ஒரே பக்கமாக எரிகிறது என்பார்கள், கொப்புளம் வர ரெண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் வாயு என்று தைலம் தேய்த்துவிடுவோம். கொப்புளம் வந்ததும் எங்கள் பக்கம் குயவரிடம் கூட்டிப் போய்க் காவியால் அக்கி எழுதுவார்கள். எழுதட்டும், யார் நம்பிக்கையையும் நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதற்கு மாத்திரை கொப்புளம் தெரிந்த மூன்று நாளைக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொல்வார். பிந்தினால் அந்த எரிச்சல் மாசக்கணக்கில் போகாது. குளிப்பாட்டும்போது முதுகைப் பார்ப்பது நாங்கள்தான், அதனால் எங்களுக்குத்தான் சொல்லித் தர வேண்டும்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குமரிக்கடல் எழுதியதைப் படித்த உடனே பாட்டிக்குப் பார்த்தோம். சர்க்கரை சரியாக இருந்தது, ஆக்சிஜன் 90, மூச்சு 28. 108இல் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டோம். பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்திருக்கிறது, நெஞ்சில் நிமோனியா ஆரம்பம். இப்போது ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், கண் திறந்து பேசுகிறார். மற்ற இருவருக்கும் டாக்டர் வந்து பார்த்து மருந்து ஆரம்பித்துவிட்டார், தனி அறை கொடுத்திருக்கிறோம். சாப்பாட்டை அவரவர் அறைக்கே கொண்டுபோகிறோம். சளி உள்ள யாரும் வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று நிர்வாகத்தை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன், வைகை அண்ணனுக்கு அதற்குத் தனியாக நன்றி.

இரண்டு சந்தேகம். ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறவர்களுக்கு என்ன செய்வது? அப்புறம், இங்கே டெங்குவும் இருக்கிறது என்கிறார்கள், அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

முதியோர்நலம்_டாக்டர்:

நல்லது செய்தீர்கள். முதல் கேள்விக்கு: 72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்கு நோய் வந்து, அதில் ஒருவருக்காவது ஃப்ளூ உறுதியானால், அந்த இல்லத்தில் நோய் இல்லாத மற்றவர்களுக்கும் தடுப்பாக அதே மருந்தைக் கொடுக்கலாம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல். உங்கள் நிலைமை அதற்குப் பொருந்துகிறது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அதனால் எல்லோருடைய கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். அதுவரை காலையும் மாலையும் எல்லோருக்கும் உஷ்ணம், ஆக்சிஜன், மூச்சு எழுதுங்கள். தேறி வருகிறவருக்கு நாலைந்து நாள் கழித்து மறுபடி காய்ச்சலோ சளியோ ஏறினால் அது ஃப்ளூவுக்கு மேல் வந்த வேறு நிமோனியாவாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

டெங்குவைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனையும் ரத்த அணுக்களும் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், அதில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும்போதுதான் வரும், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, திடீர் அமைதியின்மை இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி. டெங்கு இல்லை என்று தெரியும் வரை டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எதுவும் வலிக்காகக் கொடுக்க வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள்.

குமரிக்கடல்:

அக்கா, இன்னொன்று. ராத்திரி ஆயாக்களுக்கு ஒரு ஆக்சிமீட்டரும் டாக்டர் நம்பரும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், அலமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். "யாரைக் கேட்டு 108 கூப்பிட்டாய்" என்று காலையில் யாரும் திட்டக் கூடாது என்பதையும் நிர்வாகத்திடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். பாட்டி தேறி வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.